சீனர் வட்டாரத்தில் தமிழர் தலங்கள்: சிங்கப்பூர் சைனாடவுனின் தெருப்பெயர்களும் வழிபாட்டிடங்களும்

ஆய்வுச்சுருக்கம்

சிங்கப்பூரின் சைனாடவுன் சீனர் புலம்பெயர்வின் அடையாளமாக உலகெங்கும் அறியப்பட்ட வட்டாரம். ஆயினும் அதன் நடுவில் ஓடும் சவுத் பிரிட்ஜ் சாலையிலும், பழைய கடற்கரையாகிய தெலுக் ஆயர் தெருவிலும் தமிழர் எழுப்பிய வழிபாட்டிடங்கள் நான்கு தேசிய நினைவுச்சின்னங்களாக நிற்கின்றன. வட்டாரத்தின் முதன்மைத் தெருக்களுள் மூன்று, தமிழர் கட்டிய கோயிலாலும் பள்ளிவாசலாலும் பெயர் பெற்றவை. இத்தலங்கள் சீனர் வட்டாரத்தில் அமைந்ததற்கான காரணங்களையும், தெருப்பெயர்கள் தரும் சான்றுகளையும், குடியிருப்பு மாறிய பின் இத்தலங்கள் அடைந்த வெவ்வேறு நிலைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சைனாடவுன், தெலுக் ஆயர், சூலியா, மாரியம்மன் கோயில், ஜாமியா பள்ளிவாசல், நாகூர் தர்கா, தெருப்பெயர்கள், சோழமண்டலக் கடற்கரை.

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை பாக் நீரிணையை நோக்கி அமைந்தது. அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம் என அக்கரையில் அடுத்தடுத்து வரும் ஊர்ப்பெயர்கள் ‘பட்டினம்’ என்னும் ஈற்றைக் கொண்டுள்ளன. இன்று ஜெகதாப்பட்டினமும் கோட்டைப்பட்டினமும் விசைப்படகு மீன்பிடித் தளங்களாகவே செய்திகளில் இடம்பெறுகின்றன. எனினும், பெயரிலுள்ள ‘பட்டினம்’ என்னும் சொல் கடல்வழி வாணிகத்தோடு தொடர்புடைய பழைய வழக்கு. வடக்கே நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், கடலூர் வரையிலும் தெற்கே தொண்டி, கீழக்கரை வரையிலும் விரியும் இக்கரையிலிருந்து சென்ற வணிகர், படகோட்டிகள், கொத்தர்கள், தொழிலாளர் ஆகியோர் தென்கிழக்காசியத் துறைமுகங்களின் உருவாக்கத்தில் பங்கு கொண்டனர்.

அவர்கள் வாழ்ந்த இடங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையைச் சுற்றிய ‘லிட்டில் இந்தியா’ வட்டாரத்தையே மையமாகக் கொள்கிறது. ஆனால் சிங்கப்பூர்த் தமிழரின் மிகப் பழைய வழிபாட்டிடங்கள் அங்கு இல்லை. அவை சைனாடவுனில் உள்ளன. இன்று இனப்பெயரால் அறியப்படும் வட்டாரங்களை அவ்வினத்தாரின் தனி வாழ்விடங்களாகக் கருதிவிட்டால் இந்த உண்மை பார்வைக்கு வராமல் போகும். அதனால் இத்தலங்களை அவற்றின் தெருச்சூழலோடு சேர்த்து ஆராய்தல் தேவையாகிறது.

வரைபடமும் வாழ்விடமும்

1819இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்தளத்தை நிறுவினார். 1822இல் அவர் வகுத்த நகரத் திட்டம் ஒவ்வோர் இனத்தாருக்கும் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்கியது. லெப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் வரைந்ததால் ‘ஜாக்சன் திட்டம்’ என வழங்கும் அவ்வரைபடத்தில், சிங்கப்பூர் ஆற்றின் தென்மேற்கே ‘சீனர் கம்போங்’ குறிக்கப்பட்டது. ஆற்றின் மேற்பகுதியை ஒட்டி ‘சூலியா கம்போங்’ குறிக்கப்பட்டது. ‘கம்போங்’ என்பது குடியிருப்பைக் குறிக்கும் மலாய்ச் சொல். ‘சூலியா’ என்பது சோழமண்டலக் கரையிலிருந்து சென்றோரை, சிறப்பாகத் தமிழ் முஸ்லிம்களை, அக்காலத் துறைமுக வழக்கில் குறித்த பெயர்.

1824ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவின் மக்கள்தொகை 10,683. அவர்களுள் மலாய்க்காரர் 4,580, சீனர் 3,317, பூகிசியர் 1,925, இந்தியர் 756. எண்ணிக்கையில் சிறியதாயினும் இந்தியக் குடி வரைபடம் ஒதுக்கிய எல்லைக்குள் அடங்கி இருக்கவில்லை. தொழில் இருந்த இடத்தை நாடி மக்கள் குடியேறினர். படகோட்டிகளுக்கு ஆற்றங்கரையும், கப்பலிலிருந்து இறங்குவோருக்குத் தெலுக் ஆயர்க் கடற்கரையும், வட்டித்தொழில் செய்த நகரத்தாருக்கு வணிகச் சதுக்கத்தை அடுத்த மார்க்கெட் தெருவும், பால் வணிகருக்குக் கிராஸ் தெருவும் ஏற்ற இடங்களாயின. இவை யாவும் சீனர் கம்போங்கின் உள்ளேயோ விளிம்பிலோ அமைந்தவை. சைனாடவுனில் தமிழர் தலங்கள் எழுந்ததற்கு முதற்காரணம் இத்தொழில்சார் குடியேற்றமே ஆகும்.

தெலுக் ஆயர்: கரையிறங்கிய தெரு

‘தெலுக் ஆயர்’ என்னும் மலாய்ப் பெயர் ‘நீர் விரிகுடா’ எனப் பொருள்படும். இன்று உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்குப் பின்னே, கடலிலிருந்து விலகி இருக்கும் இத்தெரு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கடற்கரையாகவே இருந்தது. 1880களில் நிறைவேறிய கடல்நிரப்புப் பணியால் கரை கிழக்கு நோக்கித் தள்ளிப் போயிற்று. இச்செய்தியை மனத்திற் கொண்டால்தான் இத்தெருவில் வழிபாட்டிடங்கள் வரிசையாக நிற்பதன் காரணம் விளங்கும். நெடும்பயணம் முடித்துக் கரையேறியவர் முதலில் மிதித்த மண் இது. நேர்ந்துகொண்டதைச் செலுத்துமிடமும் அதுவே ஆயிற்று.

இத்தெருவில் ஹொக்கியன் சீனர் 1839க்கும் 1842க்கும் இடையே ‘தியான் ஹொக் கெங்’ கோயிலைக் கட்டினர். அதற்கு முன்னரே அவ்விடத்தில் சிறு வழிபாட்டுக் குடில் ஒன்று இருந்தது. கடற்பயணிகளைக் காக்கும் தெய்வமாகத் தென்சீனக் கடற்கரையோர் போற்றும் மாட்சு தேவி அங்கு எழுந்தருளியுள்ளாள். அக்கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், அதே தெருவில், நாகூர் தர்கா உள்ளது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையே தமிழ் முஸ்லிம்கள் அதனை எழுப்பினர். அதற்கான நிலம் 1827இல், வேறு எப்பயனுக்கும் அதனைப் பயன்படுத்தலாகாது என்னும் நிபந்தனையுடன் காதர் பிள்ளை என்பாருக்கு வழங்கப்பட்டது.

நாகூர் ஆண்டகையும் மாட்சு தேவியும் வெவ்வேறு சமய மரபினர். ஆயினும் கடலோடிகளின் நம்பிக்கையில் இருவரும் ஒரே பணியைச் செய்கின்றனர். மூழ்கவிருந்த கப்பலை நாகூர் ஆண்டகை காத்தருளினார் என்னும் தொன்மம் சோழமண்டலக் கரையில் சமய வேறுபாடின்றி வழங்குவது. அக்கரையிலிருந்து சென்றோர் நாகூருக்கு நேர்ந்துகொண்ட காணிக்கையைச் செலுத்தத் தாம் இறங்கிய துறையிலேயே ஓர் இடத்தை அமைத்துக்கொண்டனர். பினாங்கின் சூலியா தெருவிலும் இத்தகைய நாகூர் நினைவிடம் ஒன்று இருப்பது, இது தனி நிகழ்வன்று, ஒரு கடல்வழி மரபு என்பதைக் காட்டுகிறது. சிங்கப்பூர் தர்காவில் 14 அடுக்குகளாக உயரும் மினாராக்கள் நாகூரை நினைவூட்டுகின்றன. கட்டடத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள தூண்களும் வளைவுகளும் அக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியைத் தழுவியவை.

தர்காவிற்கு அருகில் அல் அப்ரார் பள்ளிவாசல் உள்ளது. 1827இல் கூரை வேய்ந்த குடிலாகத் தொடங்கியதால் தமிழர் அதனைக் ‘குச்சுப் பள்ளி’ என்றனர். 1850க்கும் 1855க்கும் இடையே செங்கல் கட்டடம் எழுந்தது. குச்சு நீங்கியபின்னும் குச்சுப் பள்ளி என்னும் பெயர் நீங்கவில்லை. ‘குச்சு’ சிறு குடிலைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லாதலால், இப்பெயர் கட்டடத்தின் தொடக்க நிலையையும் அதனைக் கட்டியோரின் மொழியையும் ஒருங்கே பதிவு செய்துள்ளது.

சவுத் பிரிட்ஜ் சாலை: கோயிலும் பெரிய பள்ளியும்

கடற்கரையிலிருந்து உள்நோக்கிச் சென்றால் சைனாடவுனின் முதன்மைச் சாலையாகிய சவுத் பிரிட்ஜ் சாலையை அடையலாம். இங்கு ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் ஜாமியா பள்ளிவாசலும் சில கட்டடங்கள் இடைவெளியில் நிற்கின்றன.

கோயிலைத் தோற்றுவித்தவர் நாராயண பிள்ளை. பினாங்கில் பணிபுரிந்த அவர் 1819 மே மாதத்தில் ராஃபிள்ஸுடன் ‘இந்தியானா’ கப்பலில் சிங்கப்பூர் வந்தார். வீடு கட்டச் செங்கல் தேவைப்படும் என்பதை உணர்ந்து சூளை தொடங்கினார். அதனால் தீவின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரராக அறியப்படுகிறார். துணி வணிகத்திலும் ஈடுபட்டார். 1822இல் நேர்ந்த தீ விபத்தில் கடையை இழந்து கடனாளியாகி, மீண்டும் தலையெடுத்தார்.

கோயிலுக்கான நிலத்தேடல் நகரத் திட்டமிடலின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் தரப்பட்டது. ஆனால் வழிபாட்டுக்குத் தேவையான நன்னீர் அங்கு இல்லை. பின்னர் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய்க்கு அருகில் கிடைத்த இடம் நகரத் திட்டத்தோடு பொருந்தவில்லை. 1823இல்தான் சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்றைய இடம் கிடைத்தது. ஆகம நெறிப்படியும் வழக்கப்படியும் கோயிலுக்கு நீர்நிலை இன்றியமையாதது. அத்தேவையும் அரசின் நில ஒதுக்கீடும் சேர்ந்தே இக்கோயிலைச் சீனர் கம்போங்கில் நிலைநிறுத்தின.

1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கோயில் அமைக்கப்பட்டது. நாராயண பிள்ளை நிறுவிய சிறிய அம்மன் திருவுருவம் ‘சின்ன அம்மன்’ எனப்பட்டது. 1843இல் செங்கற் கட்டுமானம் தொடங்கி, 1860களில் இன்றைய கட்டடத்தின் பெரும்பகுதி உருப்பெற்றது. நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து வந்த கைவினைஞர்கள் சுதை வேலைகளைச் செய்தனர். 1903இல் எழுந்த மூன்றுநிலைக் கோபுரத்தின் இடத்தில் 1925இல் இன்றைய கோபுரம் உயர்ந்தது. தீமிதித் திருவிழா 1840 முதல் இங்கு நடைபெற்று வருகிறது. பக்தர்கள் சிராங்கூன் சாலையிலுள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு நடந்து இக்கோயிலை அடைந்து பூக்குழி இறங்குகின்றனர். நகரின் இரு வட்டாரங்களையும் ஆண்டுக்கொருமுறை இணைக்கும் நடை இது. தொடக்கக் காலத்தில் கோயில் புதிதாக வந்தோருக்குப் புகலிடமாகவும், இந்துத் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமாகவும் விளங்கியது.

ஜாமியா பள்ளிவாசல் 1826இல் அன்சார் சாயபு தலைமையில் சூலியாக்களால் நிறுவப்பட்டது. இன்றைய கட்டடம் 1830க்கும் 1835க்கும் இடையே கட்டப்பட்டது. சூலியா பள்ளி, மைதீன் பள்ளி, பெரிய பள்ளி எனப் பல பெயர்களால் அது வழங்கிற்று. தெலுக் ஆயரில் குச்சுப் பள்ளியும் சவுத் பிரிட்ஜ் சாலையில் பெரிய பள்ளியும் இருந்தமை, இரண்டையும் ஒரே சமூகம் ஒப்புநோக்கிப் பெயரிட்டதைக் காட்டுகிறது.

இப்பள்ளியின் அமைப்பில் கருதத்தக்க கூறு ஒன்று உண்டு. அதன் முகப்பும் இரு மினாராக்களும் தெருவின் போக்கிற்கு இணையாக நிற்கின்றன. தொழுகைக் கூடமோ மக்காவின் திசை நோக்கித் திரும்பியுள்ளது. குடியேற்ற அரசு வகுத்த தெருக்கோட்டை வெளிப்புறமும், சமயம் விதித்த திசையை உட்புறமும் ஏற்றதால் ஒரே கட்டடத்தில் இரு அச்சுகள் அமைந்தன. தமிழர் தலங்கள் நகரத் திட்டத்திற்கு எவ்வாறு இணங்கின, எதில் இணங்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தெருப்பெயர்கள் தரும் சான்று

மாரியம்மன் கோயிலின் ஒருபுறம் பகோடா தெருவும் மறுபுறம் டெம்பிள் தெருவும் செல்கின்றன. பள்ளிவாசலை ஒட்டிச் செல்வது மாஸ்க் தெரு. சைனாடவுனுக்கு வரும் பயணியர் முதலில் நுழையும் தெருக்களுள் இம்மூன்றும் அடங்கும்.

‘பகோடா’ என்னும் சொல்லை இன்று கேட்போர் அடுக்குக் கூரை கொண்ட பௌத்தக் கோபுரத்தை எண்ணிக்கொள்வர். சீனர் வட்டாரத்தில் அப்பெயர் இருப்பது இயல்பாகவே தோன்றும். ஆனால் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் தென்னிந்தியக் கோயில்களையும் கோபுரங்களையும் பகோடா என்றே அழைத்தனர். மாமல்லபுரம் அவர்கள் வழக்கில் ‘ஏழு பகோடாக்கள்’ எனப்பட்டது. வராகன் என்னும் பொற்காசும் பகோடா எனப்பட்டது. ஆகவே பகோடா தெரு என்பது மாரியம்மன் கோயிற் கோபுரத்தால் வந்த பெயர். சோழமண்டலக் கரையில் பழகிய ஐரோப்பியச் சொல் ஒன்று தமிழர் கோயிலோடு கடல்கடந்து சென்று, இன்று சீனப் பண்பாட்டுச் சொல்லாகத் தவறாகப் பொருள் கொள்ளப்படுகிறது. அத்தெருவிலேயே சீனத் தொழிலாளர் தங்கவைக்கப்பட்ட கூலி விடுதிகள் இருந்தன. ஒரே தெரு, ஒரு முனையில் தமிழர் கோபுரத்தையும் உட்புறத்தில் சீனக் கூலிகளின் துயர வரலாற்றையும் கொண்டிருந்தது.

கிராஸ் தெரு மற்றொரு சான்று. ஹொக்கியன் சீனர் அதனைக் ‘கிளிங்கர் தெரு’ எனப் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். மலாய்க்காரர் அப்பகுதியைப் ‘பால் கம்போங்’ எனப் பொருள்தரும் ‘கம்போங் சூசூ’ என்றனர். சீனர் குடிகளை நோக்கியும் மலாய்க்காரர் பண்டத்தை நோக்கியும் பெயரிட்டனர். இரு பெயர்களும் குறிப்பது அங்கு மாடு வளர்த்துப் பால் விற்ற இந்தியரையே ஆகும்.

‘கிளிங்’ என்னும் சொல் கலிங்கத்திலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது. தொடக்கத்தில் பொதுப்பெயராக இருந்த அது காலப்போக்கில் இழிவுக்குறிப்பு ஏற்றது. ஆற்றை அடுத்திருந்த ‘கிளிங் தெரு’ என்னும் பெயரை இந்தியர் எதிர்த்ததன் விளைவாக, 1920களின் தொடக்கத்தில் அது ‘சூலியா தெரு’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. தெருப்பெயரைச் சமூக மதிப்பின் அளவுகோலாக அக்காலத் தமிழர் கருதினர் என்பதற்கு இந்நிகழ்வே சான்று.

மலாக்கா, பினாங்கு: ஓர் ஒப்பீடு

இவ்வகைக் கலப்பு சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. மலாக்காவில், 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோயில், 1748இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், மலாக்காச் செட்டிகளின் தலைவர் தவநாயகம் செட்டியால் 1781இல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் ஆகிய மூன்றும் ஒரே தெருவை ஒட்டி அமைந்துள்ளன. பினாங்கில், காதர் மொய்தீன் தலைமையில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சீனரின் கருணைத் தேவி கோயிலும் அண்மையிலேயே உள்ளன.

பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை போன்றோருக்கு இத்தகைய தெருக்கள் முன்பே பழகியவை. ஒரு துறைமுகத்தில் கற்ற வாழ்முறையை அடுத்த துறைமுகத்திற்கு எடுத்துச் சென்றனர். அதனால் சிங்கப்பூர் சைனாடவுனின் கலப்பைத் தற்செயலாகக் கருதாமல், மலாக்கா நீரிணைத் துறைமுகங்களின் பொது இயல்பாகக் கொள்வது பொருத்தமாகும்.

குடி பெயர்ந்தபின் தலங்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறிற்று. ஆற்றில் சரக்குப்படகு ஓட்டும் தொழிலில் சூலியாக்களின் இடத்தைச் சீனர் பெற்றனர். மாடு வளர்ப்போரும் தொழிலாளரும் சிராங்கூன் சாலைப் பகுதியை நாடினர். கப்பல்துறை தஞ்சோங் பகாருக்கு நகர்ந்தபோது அதனைச் சுற்றித் தமிழர் குடியிருப்பு வளர்ந்தது. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் அங்கு மிகுதியாக வாழ்ந்தனர். 1941இல் தோன்றிய சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியது. 1982இல் அப்பள்ளி மூடப்பட்டது. நகரப் புதுப்பிப்பும் பொதுவீடமைப்பும் மக்களைப் புறநகர்களுக்குக் கொண்டு சென்றன.

மக்கள் பெயர்ந்தபின் அவர்தம் இடங்கள் மூன்று வகையான நிலைகளை அடைந்தன.

முதலாவது, வழிபாட்டின் தொடர்ச்சி. மாரியம்மன் கோயிலும் ஜாமியா, அல் அப்ரார் பள்ளிவாசல்களும் அருகில் தமிழ்க்குடி குறைந்த பின்னும் வழிபாட்டிடங்களாகவே நீடிக்கின்றன. கியோங் சைக் சாலையில் நகரத்தார் பராமரிக்கும் லயன் சித்தி விநாயகர் கோயிலும் இவ்வகையினது. தைப்பூசத்திற்கு முதல்நாள் தேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயிலின் வெள்ளி இரதம் அங்கு வந்து திரும்புகிறது.

இரண்டாவது, மரபுடைமையாக மாறுதல். 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட நாகூர் தர்கா, பழுதடைந்து சில காலம் மூடிக்கிடந்தது. புதுப்பிக்கப்பட்டு 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. கட்டடம் காக்கப்பட்டது, நேர்த்திக்கடன் செலுத்துமிடம் கண்டறியும் இடமாயிற்று. இம்மாற்றம் சிறுபான்மையினர் தலத்திற்கு மட்டும் நேர்ந்ததன்று. அதே தெருவில் 1824இல் தோன்றிய சீனரின் ஃபுக் தக் சீ கோயிலும் 1998இல் அருங்காட்சியகமாயிற்று. கடற்கரை விலகியபின் கடலோடிகளின் தலங்கள் இரண்டும் ஒரே வழியில் சென்றன.

மூன்றாவது, மறைவு. மார்க்கெட் தெருவில் நகரத்தார் தொழில் நடத்தித் தங்கியும் இருந்த கிட்டங்கிகள் 1970களின் நகர மேம்பாட்டில் இடிக்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டகமும் சாய்மேசையும் பாயும் என அமைந்த அந்த நீண்ட கூடங்கள் சமயக் கட்டடங்கள் அல்ல. அதனால் அவற்றுக்கு நினைவுச்சின்னம் என்னும் காப்பு கிட்டவில்லை. கம்போங் சூசூவின் மாட்டுக்கொட்டில்களும் அவ்வாறே மறைந்தன.

மேற்கண்ட வகைப்பாட்டிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. தமிழர் வாழ்வில் வழிபாட்டுக்குரியவை எஞ்சின, தொழிலுக்குரியவை அழிந்தன. எஞ்சியவற்றை மட்டும் கண்டு தமிழர் வரலாற்றை எழுதினால், அது பக்தியின் வரலாறாக மட்டும் அமைந்து, உழைப்பின் வரலாறு விடுபட்டுப் போகும்.

1989இல் சிங்கப்பூர் நகரச் சீரமைப்பு ஆணையம் சைனாடவுனைப் பாதுகாப்பு வட்டாரமாக்கி, கிரேத்தா ஆயர், தெலுக் ஆயர், புக்கிட் பாசோ, தஞ்சோங் பகார் என நான்கு உட்பிரிவுகளாக வகுத்தது. நான்கனுள் தெலுக் ஆயரும் தஞ்சோங் பகாரும் தமிழர் வரலாற்றிலும் தவிர்க்கவியலாத பெயர்கள். பழைய கட்டடங்கள் நிலைக்க இந்நடவடிக்கை பெரிதும் துணை புரிந்தது. அதே வேளையில், இனப்பெயரால் வட்டாரத்தை அடையாளப்படுத்தும் முறை 1822ஆம் ஆண்டு வரைபடத்தின் பிரிவினையைப் புதிய காலத்திற்கும் நீட்டித்துள்ளது.

முடிவுரை

சைனாடவுன் என்னும் பெயர் அவ்வட்டாரத்தின் பெரும்பான்மையைச் சுட்டுகிறது, முழுமையைச் சுட்டவில்லை. தமிழர் தலங்கள் அங்கு அமைந்ததற்குக் கரையிறங்கிய துறை, தொழில், நீர்வளம், அரசின் நில ஒதுக்கீடு ஆகியவை காரணங்களாயின. பகோடா தெரு, டெம்பிள் தெரு, மாஸ்க் தெரு என்னும் பெயர்களும், குச்சுப் பள்ளி, பெரிய பள்ளி, சின்ன அம்மன் என்னும் தமிழ் வழக்குகளும் அதற்கான மொழிச்சான்றுகள். ஆங்கிலப் பெயர்கள் பலகைகளில் நிலைத்துவிட்டன. தமிழ் வழக்குகள் பேச்சில் மட்டுமே வாழ்ந்தவை. பேசுவோர் குறையக் குறைய அவையும் மறையும்.

ஆதலின் இத்துறையில் மேலும் செய்யத்தக்க பணிகள் இரு கரைகளிலும் உள்ளன. சிங்கப்பூரில் தெருக்களுக்கும் தலங்களுக்கும் தமிழர் வழங்கிய பெயர்களை முதியோரிடமிருந்து தொகுத்தல் வேண்டும். தமிழகத்தில், ஜெகதாப்பட்டினம் முதலிய பட்டினங்களின் ஜமாஅத், கோயில் ஆவணங்களையும், குடும்பங்களில் எஞ்சியுள்ள கடிதங்கள், பயணச்சீட்டுகள், கொடைக் குறிப்புகளையும், நேர்த்திக்கடன் பற்றிய வாய்மொழி வழக்காறுகளையும் திரட்டுதல் வேண்டும். தெலுக் ஆயரில் கடல் விலகிப் போனபோதும் கடலோடிகள் கட்டிய சுவர்கள் எஞ்சின. இக்கரையில் கடல் விலகவில்லை. கடல்கடந்தோர் பற்றிய நினைவே விலகி வருகிறது. அதனைப் பதிவு செய்தல் காலத்தின் கட்டாயமாகும்.